தாஜு கழற்ற வேண்டிய வளையல்கள்

தாஜு,

நீ எழுந்திருக்கும் முன்பே மாகறலுக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே ஒரு வளைகாப்பு. பக்கத்துக் கடை ஹபீபுல்லா பாய் வந்து உன் டிரங்குப் பெட்டியைக் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். வீட்டுச் சாவியை அவரிடம் கொடு. நாஷ்டா சாப்பிடாமல் போகாதே. இட்லி மூடி வைத்திருக்கிறேன்.

இத்தனை வருஷம் என்னோடு வளையல் பெட்டி தூக்கி, வீடு வீடாகப் பிள்ளைத்தாய்ச்சிகளின் கையைப் பிடித்துப் பழகியவள் நீ. இந்த வயதில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதி, நர்ஸ் படிப்பில் இடமும் வாங்கிவிட்டாய். ஊரெல்லாம் சொல்லிப் பூரிக்க வேண்டியவன், நேற்று ராத்திரி நர்ஸ் கையில் வளையல் கூடாதாம் என்று நீ சொன்னதும், "வளைய கயட்டினாத்தான் படிப்புன்னா, அப்பறம் புருசன் இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

அவசரத்தில் உடைத்துவிடாதே. கையில் சோப்பு தடவி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, ஒவ்வொன்றாக உருவு. என் துணிப் பெட்டியில் வை. லீவில் வரும்போது நானே போட்டுவிடுகிறேன்.

நசுருதீன்

இதையும் படி: மாகறலுக்கு வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் போகிறேன். நீ தனியாக உட்கார்ந்து வளையலை உருவுகிற நேரத்தில், நான் யார் வீட்டுப் பெண் கைக்கோ அடுக்கிக்கொண்டிருப்பேன்.