எங்கள் தெருவுக்குப் பழைய தார் வேண்டாம்

ஆகஸ்ட் 4, திங்கள்

தெரு முனையில் ஒரு பலகை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 'குறைந்த கார்பன் சாலைத் திட்டம் - அரசு மானியத்துடன்.' இருபத்திரண்டு வருஷமாக மந்தைவெளியில் வரி கட்டுகிறேன். ஒரு ரோடு போட மானியம் எதற்கு? பால் வாங்கப் போன விசாலாக்ஷி விவரம் கேட்டுக்கொண்டு வந்தாள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்து, அதையே புதுத் தாரோடு கலந்து திரும்பப் போடப் போகிறார்களாம்.

அதையேவா?

ஆகஸ்ட் 6, புதன்

வார்டு அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் மணிமொழி என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னாள், அதுவரை சரி.

"பழைய ஜல்லியும் தாரும் நல்லாத்தான் சார் இருக்கும். புதுசோட கலந்து, சூடும் கம்மியா வச்சாப் போதும். புகை குறையுது, மலைய உடைக்கிறது குறையுது. அதுக்குத்தான் மானியம்."

"மீந்துபோன சாதத்தைப் பரிமாறறதுக்கு மானியமா?" என்று கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ரோட்டின் உயரம் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கேட்கிற நிலையில் நான் இல்லை, எழுந்து வந்துவிட்டேன்.

அடையாறில் மைத்துனன் தெருவுக்குப் புத்தம் புதுசாகப் போட்டார்கள். எங்களுக்கு மட்டும் பழையது. கேட்பதற்கு ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மனு தயார், மூன்று பக்கம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் கடிதம் எழுதிய கை, சும்மாவா? மூன்றாவது பத்தியை விசாலாக்ஷிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். 'சுரண்டும் இயந்திரம் எங்கள் தெருவுக்குள் நுழைவதை ஒருபோதும் அனுமதிக்க மாட்டோம்.'

"நன்னா இருக்கு. சுரண்டலேன்னா பழைய ரோடு எங்கே போகும்?" என்றாள். இவளுக்கு எதிலும் ஒரு சந்தேகம்.

வீடு வீடாக ஏறி இறங்கி நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினேன். கடைசியாக, எங்கள் கட்டடத்தின் கீழே, தெருவைப் பார்த்த அறையில் இஸ்திரி போடும் தாயம்மா. அவளுக்குக் கடையும் குடித்தனமும் அந்த ஒரே அறைதான்.

"ரோடு ஒசந்துடாதே சார்? இப்பவே வாசப்படி ரெண்டு வெரக்கடைதான் மேல கீது."

"அதெல்லாம் அவா பாத்துப்பா, தாயம்மா."

"நீங்க சொன்னா செரி சார்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு போட்டாள். நாற்பத்திரண்டு.

ஆகஸ்ட் 11, திங்கள்

மனுவைக் கொடுத்தாயிற்று. "நல்லா யோசிச்சுக்குங்க சார்" என்றாள் மணிமொழி. யோசிக்க வேண்டியது யார்?

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஜெயித்துவிட்டோம். மானியத் திட்டமும் அந்தச் சுரண்டும் இயந்திரமும் பக்கத்துத் தெருவுக்கு மாறிவிட்டன. எங்களுக்குச் சாதாரண முறையில் புது ரோடு. பக்கத்துத் தெருக்காரர்கள் பாவம், எழுதிக் கொடுக்க ஒருத்தரும் இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ரோடு போட்டாயிற்று. பழையதன் மேல் பேருக்கு நாலு கீறல், அதன் மேல் முழுக்க முழுக்கப் புதுத் தார். முதல் மாடியிலிருந்து பார்க்கும்போது கண் நிறைகிறது.

அக்டோபர் 17, வெள்ளி

காலையிலிருந்து மழை. பதினோரு மணிக்குக் கீழே சத்தம். தாயம்மா அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். தீபாவளிக்கு மூன்றே நாள், தெருவில் பாதிப் பேரின் துணி அவள் தரையில் மூட்டையாக இருக்கிறது. நானும் விசாலாக்ஷியும் ஓடி ஓடி மேலே தூக்கி வந்து ஹாலில் போட்டோம். பட்டுப் பாவாடை, வேஷ்டி, எல்லாம் கரித்தண்ணீர். இனி யார் அவளிடம் துணி போடுவார்கள்?

கடங்காரப் பசங்க, என்ன ரோடு போட்டிருக்கான்கள். விரல் வைத்து அளந்து பார்த்தேன். அவள் வாசற்படி இப்போது ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா? நாளைக்குப் போய் ஒரு கை பார்க்காமல் விடப்போவதில்லை.

அக்டோபர் 18, சனி

போனேன். கத்தினேன். மணிமொழி எங்கேயோ மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்துவிட்டு நனைந்துபோய் வந்திருந்தாள். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். பிறகு ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தாள். மூன்றாவது பத்தி, கீழே முதல் கையெழுத்து 'எஸ். ராமானுஜம்'.

"சுரண்டி எடுத்த அளவுக்குத்தான் சார் திரும்பப் போடுவோம். ரோடு ஒசராது. அன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன்." இனி அஞ்சு வருஷத்துக்கு அந்த ரோட்டில் கை வைக்க முடியாதாம்.

பக்கத்துத் தெரு வழியாக வந்தேன். ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை. படிகளெல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. தாரைக் குனிந்து பார்த்தேன், பழையது எது புதியது எது என்று எனக்குத் தெரியவில்லை. மடையன். விசாலாக்ஷி கேட்டாள், தாயம்மா கேட்டாள், பதில் சொல்ல அந்தப் பெண்ணும் வாயெடுத்தாள். என் வாய் மூடியிருந்தால்தானே.

தாயம்மா முறத்தால் தண்ணீரை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். "நீ அன்னிக்கே கேட்டே" என்றேன்.

"நீங்க சொன்னீங்களேன்னுதான் சார் போட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 22, புதன்

மறுபடி தண்ணீர். தாயம்மா அறையைப் பூட்டிக்கொண்டு கண்ணகி நகரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். செயலாளர் முத்துகிருஷ்ணன், 'நம் தெருவுக்குப் புது ரோடு வாங்கிக் கொடுத்தவர்' என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார். இதற்காகத்தான் அழைத்தார்கள் என்று தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். போயிருக்க மாட்டேனா? தெரியவில்லை.

எழுந்து நின்று சொன்னேன். என் மனுவால்தான் ரோடு உயர்ந்தது, அதனால்தான் கீழே தண்ணீர் புகுந்தது, ஒரு பெண்ணின் பிழைப்பு போனது, தப்பு முழுக்க என்னுடையது என்று.

"சாருக்கு எப்பவும் தன்னடக்கம்" என்றார் முத்துகிருஷ்ணன். எல்லோரும் கை தட்டினார்கள். வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் மாடியில் இருப்பவர்கள்.

மனுவில் கையெழுத்துப் போட்டவர்களையெல்லாம் கூட்டத்துக்கு அழைத்ததாகச் சொன்னார்கள். தாயம்மாவை யாரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.