கால் புட்டி மருந்து

இன்று காலை சவரம் செய்கையில் தாடையில் வெட்டிவிட்டது. பஞ்சில் டிஞ்சரை நனைத்து வைத்தேன். வாடை மூக்கில் ஏறியதும், சிநேகிதரே, எதிரே வந்து உட்கார்ந்துவிட்டீர்.

அந்தப் புட்டி ஞாபகம் இருக்கிறதா? கப்பலில் வேலை பார்க்கும் என் மருமகன் கொண்டுவந்தது. பதினெட்டு வருஷம் மரப்பீப்பாயில் ஊறிய ஸ்காட்லாந்து விஸ்கி. அருமை தெரிந்தவனுக்குத்தான் போகவேண்டும் என்று கேப்டனே எனக்காகப் பொறுக்கி எடுத்தார் என்றேன். நெல்லைச் சீமையில் விஸ்கியை மோந்து வயசு சொல்லக்கூடியவன் நான் ஒருத்தன்தானே.

சேரன்மகாதேவியில் உம் தோப்பு, மோட்டார் அறை, மத்தியான வெயில். நீர் தொடமாட்டேன் என்றீர். பாளையங்கோட்டை டாக்டர் உம் ஈரலின் ஸ்கேன் படத்தைக் காட்டி, இனி ஒரு சொட்டும் கூடாது என்று சொல்லி ஏழு மாசம். ஏழு மாசமும் நீர் சொல் தவறவில்லை.

"மோந்து மட்டும் பாரும்" என்றேன். தம்ளரைக் கைச்சூட்டில் வைத்து, வாயை லேசாகத் திறந்து மோக்கவேண்டும் என்று காட்டினேன்.

"ஏ, ஆஸ்பத்திரி வாடையில்லா அடிக்கி! டிஞ்சர ஊத்திட்டானா வே?"

"அது புகை வே. அங்கன மக்குன புல்லுக் கட்டிய வெட்டிக் காயவச்சு எரிச்சு, அந்தப் புகையில பார்லிய வாட்டுதான்."

"அப்போ வரட்டி மூட்டம்னு சொல்லும்."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். "மருந்து வாடை சும்மாவா வரும்? அந்த ஊர்ல ஈரல் கெட்டவனுக்கு டாக்டரே இதத்தான் எழுதிக் குடுக்கான். கண்ணால பாத்தவன் சொல்லுதேன்." நான் கண்ட சீமை தூத்துக்குடி வரைக்கும்தான்.

"நெசமாவா?" என்றீர். அதில் சிரிப்பில்லை. பிழைக்க ஆசைப்பட்ட மனுஷனின் கேள்வி அது.

"எம்மேல சத்தியமா."

தாமிரபரணித் தண்ணீர் நாலு சொட்டு விட்டதும் புகை கொஞ்சம் விலகி, கருப்பட்டியும் உப்பும் கலந்தாற்போல ஒரு ருசி எழுந்தது. நாக்கில் நிறுத்திக் கண்ணை மூடினீர். "மழை பெஞ்ச சுடுகாடு மாதிரி இருக்கு வே." அதைவிடச் சரியாக எவனும் சொன்னதில்லை, நான் உட்பட.

புட்டியை உமக்கே கொடுத்துவிட்டேன். ஒரு மாசம் கழிவதற்குள் ரத்தமாக வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தீர்.

பதினாறாம் நாள் கிளம்புகையில், எனக்குத் தங்கச்சி முறையான உம் மனைவி அந்தப் புட்டியை மஞ்சள் பையில் கொண்டுவந்து நீட்டினாள். கால் பாகம் மிச்சம்.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த மருந்து. டானிக் மூடியில அளந்து, ஒருநேரம் தவறாம நாந்தான் குடுத்தேன். இன்னும் கொஞ்சம் முந்தியே கிடைச்சிருந்தா பொழைச்சிருப்பாகளோ?"

எதற்கும் ஒரு கதை வைத்திருப்பவன் நான். அன்று பையை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

புட்டி என் பீரோவில் இருக்கிறது. தங்கச்சி இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "சீமையில இருந்து மருந்து வரவழைச்சுக் குடுத்த அண்ணாச்சி" என்று என்னைக் காட்டுகிறாள். கேட்டுக்கொண்டு நிற்கிறேன். நான் வாய் திறக்காமலே பிறத்தியார் சொல்லும் என் பெருமை அது ஒன்றுதான்.