பாராட்டு மடலில் விட்டுப்போன பதினோரு வருடம்

சிவகாசி
14.9.2025

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஓவியாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது அம்மா சொல்லிக்கொள்கிறாள். இங்கே இன்னும் மழை இல்லை, காற்றும் இல்லை. தீபாவளி சீசன் என்பதால் உன் தம்பி ஸ்ரீராம்குமார் விடியுமுன் நாரணாபுரத்தில் இருக்கும் நம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் அசதியாக இருக்கிறது. டாக்டர் வயசுதான் காரணம் என்கிறார், அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன், வீடியோவில் உன் முகத்தைப் பார்த்ததும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் பள்ளிக்கூடத்து முன்னாள் மாணவர் சங்கத்துக்கு மூன்று வருடமாக நான்தான் தலைவர், வயதில் மூத்தவன் என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஆசிரியர் தினத்தன்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைப் பாராட்டுவது வழக்கம். இந்த வருடம் உனக்கு எட்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்த வள்ளித்தாய் டீச்சரை எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், நானும் கையைத் தூக்கினேன். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் உன் பெரியப்பா செந்தூர்பாண்டி, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உன் அம்மாவுக்கே நான் இப்போதுதான் சொன்னேன்.

உனக்குப் பதிமூன்று வயது நடந்த வருடம். நம் கம்பெனியில் லேபிள் ஒட்டும் ஷெட்டில் உன் வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தார்கள். அப்போது எல்லாக் கம்பெனியிலும் இருந்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒருநாள் காலையில் டீச்சர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெளியில் நின்றபடியே அந்த ஐந்து பெயரையும் வகுப்பில் கூப்பிடுவது போல ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள், எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பெரியப்பாதான் அப்போது பள்ளிச் செயலாளர். அந்தம்மாவ எங்கனயாவது தள்ளி விடுங்கண்ணே என்று கேட்டேன். ஒரே வாரத்தில் அச்சங்குளத்தில் இருந்த சின்னக் கிளைப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் பதினோரு வருடம் போய்வந்தார்கள், அதை மூடிய பிறகுதான் இங்கே திரும்பி வந்தார்கள். அந்தப் பிள்ளைகளை மறுவருடம் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்றதும் வேலையை விட்டு நிறுத்தினோம். அதன்பிறகு பள்ளிக்குப் போனார்களா என்று நான் விசாரிக்கவே இல்லை.

பாராட்டு மடலை அச்சுக்குக் கொடுக்குமுன் அவர்களிடம் காட்டிவிட்டு வரலாம் என்று நான் மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் மாறவில்லை. காப்பி கொடுத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே பள்ளியில் பணி என்று எழுதியிருந்தோம். அந்த வரியில் விரலை வைத்து, அண்ணாச்சி, இதுல அச்சங்குளத்துப் பதினோரு வருசத்தக் காணுமே என்றார்கள். நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். அவர்களே தொடர்ந்து, நான் நல்லாச் சொல்லிக் குடுத்தது அங்கனதான், அந்தப் பிள்ளைகள விட்டுட்டு எனக்குப் பொன்னாடை போட்டீகன்னா அது நல்லாருக்காது, எதுக்குப் போனேன்னு எழுத வேண்டாம், போனேன்னு மட்டும் எழுதுங்க என்றார்கள். சரி டீச்சர் என்று எழுந்து வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் அனு, கேட்காமலேயே வந்துவிட்டேன்.

அன்று வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, அவுக எழுத வேண்டாமுன்னு சொன்னது அவுக பெருந்தன்மை, நீங்க வாயத் திறக்காம இருந்தா அதுக்கு என்ன பேரு என்று கேட்டாள். விழா மேடையில் மடலை வாசித்தேன். புதிதாகச் சேர்த்த அச்சங்குளம் வரி வந்ததும் நிறுத்தி, இவர்கள் அங்கே போனதற்கு நான்தான் காரணம் என்று சொன்னேன், கேட்டில் நின்று பெயர் வாசித்ததையும் சொன்னேன். அரங்கம் முழுக்க ஆள். யாரும் கைதட்டவில்லை, தட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது. பொன்னாடையைப் போடுவதற்கு அவர்கள்தான் தோளைத் தாழ்த்திக் கொடுத்தார்கள். மன்னித்தேன் என்று அவர்கள் சொல்லவில்லை. உக்காருங்க அண்ணாச்சி, ரொம்ப நேரமா நின்னுட்டே இருக்கீக என்று மட்டும் சொன்னார்கள்.

கீழே இறங்கியதும் ஒரு பெண் வந்து கும்பிட்டாள். நான் பாண்டிமீனா, அந்த அஞ்சு பேருல ஒருத்தி என்றாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாளாம், டீச்சருக்கு விழா என்று கேள்விப்பட்டு வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள். அன்னைக்கு டீச்சர் எம்பேரக் கூப்பிட்டது உள்ள நல்லாக் கேட்டுச்சு அண்ணாச்சி, உள்ளேன் டீச்சர்னு வாய் வரைக்கும் வந்துருச்சு, போர்மேன் பாத்துட்டே இருந்தாரு, பேசாம லேபிள ஒட்டிட்டு இருந்தேன் என்றாள். திட்டவில்லை, அழவும் இல்லை, நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போனாயா தாயி என்று கேட்டேன். இல்ல என்றாள். அந்த ஒரு சொல்தான் இத்தனை நாளாக என்னோடு கிடக்கிறது.

ஸ்ரீராம்குமார் ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. எப்பவோ முடிஞ்சு போனத மேடையில ஏறிச் சொல்லி கம்பெனி பேரக் கெடுத்துட்டீங்களேப்பா, நாலு பேரு என்னையத்தான கேக்காங்க என்றான், அதோடு சரி. அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது ஒரு சின்னப் பிள்ளையைக்கூட கேட்டுக்குள் விடாமல் ஒழுங்காக நடத்துகிறவன் அவன், நான் செய்ததற்கு ஊர்ப் பேச்சை அவன் கேட்க வேண்டியிருக்கிறது. நீ அவனைக் கூப்பிட்டால் சண்டை போடாதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

கடைசியாக ஒன்று. விழா முடிந்து காரில் ஏறும்போது டீச்சர், அனுப்பிரியா எங்கன இருக்கா, நல்லா இருக்காளா, வருசத்து நடுவுல போனதுல அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக முடியல அண்ணாச்சி என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் போன அன்று நீ சாப்பிடாமல் அழுதாய். அவங்களுக்கு இந்த ஸ்கூல் பிடிக்கல, அவங்களாத்தான் மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க என்று உன்னிடம் சொன்னேன். எங்கிட்டக்கூடச் சொல்லாமப் போயிட்டாங்களே என்றாய், அதற்குப் பிறகு அவர்கள் பேச்சையே நீ எடுத்ததில்லை. நான் சொன்னது பொய் அனு. அவர்களாகப் போகவில்லை. உன்னை விட்டுப் போக வேண்டும் என்றும் அவர்கள் நினைக்கவில்லை.

அவர்கள் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன்னால் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருப்பார்கள். எனக்காக எதுவும் பேச வேண்டாம். பேசிவிட்டு எனக்குப் போன் செய்யத் தோன்றினால் செய், தோன்றாவிட்டாலும் அப்பா புரிந்துகொள்வேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நீண்ட ஆயுளோடு மனநிறைவாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ரத்தினசாமி