நான் மாற்றி எழுதிய வசனம்

இன்று பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் அறிவித்தலோடு வந்தாள். ஆறாம் ஆண்டு முதல் எட்டாம் ஆண்டு வரையான பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி. 'உங்கள் மனதில் பட்டதை எழுதுங்கள்' என்று போட்டிருந்தது. இருந்த இருப்பில் எழுதி முடித்துத் தாளை நீட்டினாள். "அம்மா, ஒருக்காத் திருத்தித் தாங்கோ." பேனையை எடுத்தேன். ஒன்றையும் மாற்றாமல் திரும்ப வைத்துவிட்டேன். உன் முகம் வந்துவிட்டது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து துணுக்காய்க்கு வந்த அடுத்த வருடம் அது. பாலை மரத்தின் கீழ் எட்டாம் ஆண்டு வகுப்பு. ஒரே சாக்கை விரித்து நீயும் நானும் இருந்தோம். நீ கொக்கிளாய்ப் பிள்ளை, ஆனால் கொக்கிளாயைக் கண்டறியாய். ஆமி ஊரை எழுப்பியபோது கைக்குழந்தையாக அம்மாவின் இடுப்பில் அங்கிருந்து ஓடி வந்தவள். உப்புத்தண்ணீர்க் களப்பும் இறாலும் மாதா கோயில் மணியும் உனக்கு அம்மா சொன்ன கதைகள்தான்.

அப்போதும் ஒரு போட்டி வந்தது. தலைப்பு 'எனது ஊர்'. நீ அம்மா சொன்ன ஊரை எழுதி, இப்படி முடித்திருந்தாய்: "எனக்கு அங்கே போக விருப்பமில்லை. போய்ப் பார்க்க, அம்மா சொன்ன மாதிரி அது இல்லாவிட்டால், பிறகு அம்மா எதை நினைத்துக்கொண்டு இருப்பா?"

உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி. நல்ல தாளில் பார்த்து எழுதச் சொல்லி என்னிடம் தந்தாய். அந்த இடத்தில் என் பேனை நின்றது. உனக்குப் பரிசு கிடைக்கவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். அந்த வரிகளை விட்டுவிட்டு, "ஒருநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் ஊருக்குப் போவேன்" என்று எழுதினேன். உன்னிடம் காட்டாமலே போட்டிக்குக் கொடுத்துவிட்டேன்.

முதற்பரிசு உனக்கு. பள்ளிக்கூட அதிபர் மேடையில் வாசிக்க, கடைசி வசனத்துக்கு எல்லாரும் கை தட்டினார்கள். பின்னால் நின்ற உன் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா. நீ என்னைத்தான் பார்த்தாய்.

"என்ர வசனம் எங்கயடி?"

"அப்பிடி முடிச்சால் பரிசு தரமாட்டினம்."

"நான் பரிசு கேட்டனானே? அம்மா அதை நம்பிப்போட்டா. இனி என்னெண்டு அவாவுக்குச் சொல்லுறது?"

அதற்குப் பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் உன் இடம் வெறுமையாக இருந்தது. மலேரியா என்றார்கள். மருந்துக்குத் தட்டுப்பாடான காலம். அடுத்த கிழமை உன்னைப் பெட்டியில் கண்டேன். நெஞ்சின்மேல் அந்தக் கட்டுரையை வைத்து, மூடுவதற்கு முன் உன் அம்மா திரும்ப எடுத்துக்கொண்டா. என் கையெழுத்து.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு உன் அம்மா ஊர் திரும்பிவிட்டா என்று கேள்விப்பட்டு, உண்மையைச் சொல்லத்தான் கொக்கிளாய்க்குப் போனேன். வீடிருந்த இடம் பற்றைக்காடு. ஓரமாக ஒரு தகரக் கொட்டிலில் தனியாக இருந்தா. கிணறு உப்பாகிவிட்டது, அயலில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை என்றா.

"நெளுக்குளத்தில தங்கச்சி வரச்சொல்லிக் கூப்பிட்டவள், பிள்ளை. நான் போகேல்லை. இது என்ர மகளின்ர ஆசை. எழுதி வைச்சிட்டல்லோ போனவள். அதிபர் வாசிக்கேக்க நீயும் கேட்டனிதானே?"

"ஓம் அம்மா" என்றேன்.

அவா இன்னமும் அங்கேதான் இருக்கிறா, நீ போக விரும்பாத ஊரில். சொன்னால், அவாவிடம் மிச்சமிருக்கிற உன்னையும் பறித்தவளாவேன். சொல்லாமலே இருக்கிறேன்.