யாரும் ஊசி போடாத செல்கள்

மார்ச் 4, செவ்வாய்

மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் ஆய்வகத் தட்டில் நன்றாக இருக்கின்றன. நன்றாக! அவை நன்றாக இருப்பதுதானே சிக்கல்.

செல்லின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்று ஓர் ஏற்பி. அதைக் கொண்டுதான் செல் தான் இருக்கும் இடத்தைப் பற்றிக்கொள்கிறது, விடுகிறது, மறுபடி பற்றி நகர்கிறது. அந்தப் பிடியை மருந்தால் அடைத்தால் நகராமல் நிற்குமா? சில வருடங்களாக இந்த ஒரே கேள்வி. மருந்தின் முதல் சோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் எவலின், "நம்பிக்கையா இருக்கு லா" என்றார். வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

கிள்ளானில் அண்ணன் வீடு. சாப்பிட்டதும் சீதாலெட்சுமி அண்ணி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தார். கட்டி. கல் போல. அசையவில்லை.

"எப்பருந்து அண்ணி?"

"தீபாவளிக்கு முன்னாலருந்து."

டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும் என்றாராம். இவர் போகவில்லை.

"பக்கத்து வீட்டு ஆன்டிக்கு ஊசி போட்டப்புறம்தான் உடம்பெல்லாம் பரவிச்சு. நீ இதத்தானே படிக்கிற. சொல்லு லோகா, ஊசி போட்டா பரவுமா?"

"ரொம்ப ரொம்ப அபூர்வம் அண்ணி."

"அப்போ பரவும்."

"இல்ல, அது—"

"அபூர்வம்னா எங்கயோ நடந்திருக்குன்னுதானே அர்த்தம்?"

கதவைத் திறந்துவிட்டார். காலையில் பள்ளி வேன் எடுக்கணும், பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்றார். பேச்சு முடிந்தது.

மார்ச் 10, திங்கள்

கமலநாதன் அண்ணன் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. இன்று போனில் கேட்டேன். "பரவாதுன்னு ஒரு வார்த்த சொல்ல முடியலயா உனக்கு? என்ன படிச்ச நீ?"

ஏன் சொல்லவில்லை? கிட்டத்தட்ட உண்மைதானே அது. ஆய்வுக் கூட்டத்தில் யாராவது 'கிட்டத்தட்ட' என்றால் நான்தான் முதலில் கை தூக்குவேன். ஆனா அண்ணி என்ன கூட்டமா? பயந்துபோன மனுசி. நான் என்ன பண்ணிட்டேன்...

மார்ச் 12, புதன்

வேலை ஓடவில்லை.

மார்ச் 15, சனி

மறுபடி கிள்ளான். பொய் சொல்லத் தயாராகத்தான் போனேன். கொமுட்டர் ரயிலில் ஒத்திகைகூடப் பார்த்தேன்: 'பரவாது அண்ணி. சத்தியமா.'

அண்ணி வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் குழாயை மூடவில்லை. ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டேன். போனை நீட்டினேன். நுண்ணோக்கியில் எடுத்த வீடியோ. ஓர் இரவு முழுக்க நடந்ததை அரை நிமிடத்தில் ஓட்டிக் காட்டும். ஒவ்வொரு செல்லும் ஒரு முனையை நீட்டி, பற்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போகும்.

கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். திரும்ப ஓட்டச் சொன்னார்.

"இதெல்லாம் உயிரோட இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"இதுக்கு யாரு ஊசி போட்டா?"

"யாரும் போடல. அதுவா போகுது."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் மூடினேன்.

"ஊசியால எங்கயும் நடந்ததே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நீங்க சும்மா இருந்தா இது சும்மா இருக்காது அண்ணி."

வேனின் ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஊசி போடுற ரூமுக்குள்ள வரைக்கும் உன்ன விடுவாங்களா?" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

விட்டார்கள். ஊசி அவருக்கு. அவர் இறுக்கிப் பிடித்த என் விரல்கள் இன்னும் வலிக்கின்றன.

மார்ச் 27, வியாழன்

புற்றுநோய்தான். அண்ணன் காருக்குள் உட்கார்ந்து அழுதார். அண்ணி போய் அவருக்குத் தண்ணீர் வாங்கி வந்தார்.

மே 6, செவ்வாய்

போன மாதம் அறுவைச் சிகிச்சையில் இடது மார்பை எடுத்தார்கள். இன்று அறிக்கை. அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் ஒன்றில் மட்டும் பரவியிருக்கிறது. கீமோ கொடுத்துப் பார்க்கலாம், இன்னும் தள்ளிப்போடாமல் வந்தது நல்லது என்றார் டாக்டர்.

ஒன்று. அது எப்போது போனது? தீபாவளிக்கு முன்பா? நான் 'அபூர்வம்' என்ற அந்த வாரத்திலா? எந்த நுண்ணோக்கியும் இதைச் சொல்லாது.

ஜூன் 12, வியாழன்

மருந்து பிடியை அடைத்தது. செல்கள் நின்றன. பிறகு மறுபடி நகர ஆரம்பித்தன. வேறொரு ஏற்பியைக் கூடுதலாக உண்டாக்கிக்கொண்டு, அதைக் கொண்டு பற்றி. ஒரு கையைக் கட்டினால் இன்னொரு கை.

எவலின் திரையில் அதை மறுபடி ஓட்டிப் பார்த்தார். "இதையும் எழுதணும்" என்றேன். "முதல் பக்கத்துலயே எழுது" என்றார்.

சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன். இன்றைய கீமோ முடிந்து படுத்திருந்தார். "என் முடியும் போச்சு, உன் மருந்தும் போச்சா?" என்று சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

அண்ணியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். சேலை எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு. கீமோ முடிந்துவிட்டது, முடி கட்டையாக முளைத்திருக்கிறது. அடுத்த பரிசோதனையில் என்ன வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கடைக்காரர் விரித்துப் போட்ட எதுவும் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. "அது இல்ல பாஸ். மேல, மேல... அந்தப் பச்ச," என்று உச்சித் தட்டைக் காட்டினார். இடது கையால். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இதுவரை தோளுக்கு மேல் போகாத கை.

அவர் கவனிக்கவே இல்லை. அண்ணன் கவனித்தார். என்னைப் பார்த்தார்.

சேலையை இறக்கிப் பிரித்ததும் அண்ணி முகத்தைச் சுளித்தார். "வேற பச்ச இல்லயா?"