கலாராணி கையெழுத்துப் போடவில்லை

மகன் அஜந்தனுக்கு அப்பா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். கட்டாரில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உடம்பு முடியாதவனுக்கு இவ்வளவு தந்திரம் ஓடாது. பேசினால் போனைப் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் றிகாஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ சொல்லிவிட்டாய் என்று ஞாயிற்றுக்கிழமை உன் தாய்மாமன் தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு நம் லயத்து வீட்டுக்கு வந்தான். உன் பெண்சாதி கலாராணி தன் விருப்பத்தில் உன்னை விட்டுப் போவதாகப் பேப்பரில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். தலைவர் அவளிடம், ஒரு கையெழுத்துதான் புள்ள, போட்டுட்டா விவாகரத்து முடிஞ்சிச்சு என்றார். அவளோ, தாலி கட்டுனவரு வந்து என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும் தலைவரே, இப்ப எந்திரிங்க, வீடு கூட்டணும் என்று விளக்குமாற்றை எடுத்தாள். உன் அம்மா சிரித்துவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. மறுநாளே பண்டாரவளையில் ஒரு சட்டத்தரணியம்மாவைப் பார்த்துக் கேட்டேன். இந்த நாட்டில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டாலும் அது மட்டும் விவாகரத்து ஆகாதாம். தலைவரோ கோயில் கமிட்டியோ கொடுக்க முடியாது, மாவட்ட நீதிமன்றம்தான் கொடுக்கும், அதற்கும் குற்றம் காட்ட வேண்டும், வேறு ஆளோடு தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு விட்டுப்போனது, இல்லாவிட்டால் கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறை. அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையே காட்டி விட்டுப்போனவள் அவள் என்று வழக்குப் போட்டிருப்பாய், நீ நல்லவனாக நின்றிருப்பாய். இதுதானே உன் யோசனை? யாரடா விட்டுப் போனது? இரண்டு வருடமாக அவளுக்கு உன்னிடமிருந்து ஒரு போன் இல்லை. அவள் விடிந்தால் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்கு வேலைக்குப் போகிறாள், பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து உன் அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுகிறாள். இந்த வீட்டை விட்டு அவளை அனுப்பச் சொல்லி இனி எவனையும் அனுப்பாதே, வாசலிலேயே திருப்பிவிடுவேன்.

அவள் வேண்டாமென்றால் நேரில் வந்து வழக்குப் போடு, தடுக்க மாட்டேன். ஆனால் வழக்குப் போடும் உரிமை அவளுக்கும் உண்டு, அவள் போடப் போகிறாள். விட்டுப்போனவன் நீ என்று சொல்ல வீட்டு ஆள் சாட்சி இருந்தால் நல்லது என்றார் அந்தச் சட்டத்தரணியம்மா. என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள், நோய்நொடி இல்லாமல் இரு. தகப்பன் ஆசி இவ்வளவுதான். தீர்ப்பு முடிவாகும்வரை அங்கே எவளையும் கட்டிவிடாதே, அது குற்றம். கோர்ட்டுக்கு வந்தால் என்னை உன் பக்கத்தில் தேடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. தம்பையா
அப்புத்தளை