கண்ணாடிப் பெட்டிக்குள் உன் ரொட்டி

மர்கிலான், ஏப்ரல் 11

இல்ஹோமுக்கு,

இங்கே எங்கள் உடம்புக்குக் குறை இல்லை, கொரியாவில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு மனசுதான் ஆறவில்லை. போனில் சொன்னால் சிரிக்கிறாய், அதனால் எழுதுகிறேன். வீட்டின் முன்பாதி உன் கொள்ளுத்தாத்தாவான கவிஞரின் நினைவில்லம் ஆனபின் நாங்கள் பின்னால் இரண்டு அறையில் ஒண்டியிருக்கிறோம். வெள்ளையடிக்க வந்தபோது, நீ கிளம்பிய அன்று ஒரு வாய் கடித்துக் கொடுத்த ரொட்டியை, நீயே வந்து மிச்சத்தைத் தின்பாய் என்று மாட்டி வைத்திருந்த ஆணியிலிருந்து எடுத்து முன் அறை அலமாரியில் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நினைவில்ல இயக்குநர் தில்ஃபூசா அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'கவிஞர் 1942இல் போருக்குப் புறப்படும்போது கடித்த ரொட்டி. அவர் திரும்பவில்லை' என்று அட்டை எழுதிவிட்டாள். அவருடைய ரொட்டி அடுத்த குளிர்காலமே தீர்ந்துபோனது. பசியில் அழுத பிள்ளைகளுக்கு அவர் மனைவி அதை நனைத்துக் கொடுத்தார், சாவுச் செய்தி வந்ததும், காத்திருந்த ரொட்டி தீர்ந்ததால்தான் அவர் திரும்பவில்லை, எல்லாம் தன்னால்தான் என்று கடைசிவரை நம்பினார். அதை எந்த அட்டையிலும் எழுதமாட்டார்கள்.

நேற்றுப் போய்க் கேட்டேன். "தங்கச்சி, பதிவேட்டுல ஏறியாச்சு, இனி அது அரசாங்கத்தோடது. உன் பையனோடதுன்னா அவனையே வரச்சொல்லு, பல்லு பொருந்துதான்னு பாத்துடலாம்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாள். "அவர் சிரிக்கிற படம் உங்க தலைக்கு மேலயேதான் தொங்குது அக்கா, அந்த வாயில முன்பல்லே இல்ல, ரொட்டியில முன்பல்லுத் தடம் எப்படி வந்துச்சு?" என்றேன். அப்போதும் பெட்டியைத் திறக்கவில்லை. உன் அப்பா, "பெரிய எடத்துப் பகை நமக்கெதுக்கு நிகோரா" என்கிறார். கவிஞரின் பேரன் அல்லவா, திறப்பு விழாவில் அவருக்கு முன்வரிசை நாற்காலி.

அவர்களைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம். "காஞ்ச ரொட்டிக்காம்மா இவ்ளோ சண்டை, புதுசா ஒண்ணு வாங்கி மாட்டு" என்றாய். நீ கடிக்காத ரொட்டியை மாட்டிவைத்து நான் யாருக்காகக் காத்திருப்பது? இரண்டு வருஷம் என்று போனவன், ஆறு முடிந்துவிட்டது. நீ அப்படிச் சொன்ன பிறகு, நான் எதற்காகக் கத்துகிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மே மாதம் ஒன்பதாம் தேதி திறப்பு. அதற்கு முன் வா, பெட்டியை நானே உடைக்கிறேன், அவள் எதிரிலேயே உட்கார்ந்து தின்று முடி. வருவதில்லை என்று தீர்மானித்திருந்தால் அதையும் சொல்லிவிடு. நான் பிறகு அந்த அறைப் பக்கம் போகமாட்டேன். திரும்பாதவனின் ரொட்டி என்றுதானே எழுதியிருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

இறைவன் உன்னைக் காப்பாற்றட்டும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. பதிலைப் போனில் சொல்லாதே, எழுது.

உன் அம்மா,
நிகோரா